குண்டு எதுவரை போகும், டீச்சர்?

கேள்வி: ஐயா, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் மாவட்டத்து ஊர்கள், குளங்கள், தெருப்பெயர்கள் பற்றி 2023 ஜூனில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்குக் கட்டுரை வரும் என்று முதல் நாளே அறிவித்துவிட்டேன். இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை. ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோதுகூட, தெரிந்தவர் கடை ஜெனரேட்டரில் மொபைலுக்கு சார்ஜ் ஏற்றி எழுதிப் போட்டேன். இந்த வருடம் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறேன். போன மாதம் புனித டேவிட் கோட்டையைக் கம்பெனி வாங்கிய வருடம் 1758 என்று எழுதிவிட்டேன். ஒரு பெரியவர் திருத்தினார். அன்று சமையல்கட்டில் நின்று அழுதேன். இப்போதெல்லாம் குளத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. எழுதாவிட்டால் குற்ற உணர்ச்சி. நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் மறுபடி எழுதவே மாட்டேனோ என்று பயமாகவும் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்கு என்ன போடுவது என்றுகூடத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த 1758-ஐ முடித்துவிடுவோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியது 1690-ல். லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து அதைப் பிடித்து இடித்துத் தள்ளியதுதான் 1758. வாங்கிய வருடம் இருக்கவேண்டிய இடத்தில் இடித்த வருடம் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் மாமியாரைத் தூக்கி உட்காரவைப்பது, மருந்து, சாப்பாடு, அதற்குப் பிறகு கோட்டை. இரண்டு மணிக்கு எழுதி முடித்து ஆறு மணிக்கு வெளியான கட்டுரையில் ஒரே ஒரு வருடம்தான் இடம் மாறியது என்றால், உங்கள் ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. கட்டுரையின் மேலேயே ‘திருத்தம்’ என்று ஒரு வரி போட்டு, சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். யாருக்கும் தெரியாமல் உள்ளே புகுந்து எண்ணை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். வலிய வந்து திருத்துகிற பெரியவர் உள்ளூர் வரலாறு எழுதுகிறவருக்குக் கிடைப்பது அபூர்வம். அவரை விட்டுவிடாதீர்கள், பின்னால் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது.

அந்தக் கோட்டை விற்பனையில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் கட்டுரையிலேயே வந்திருக்கும். கோட்டையோடு சுற்றுவட்டத்து நிலமும் கம்பெனிக்கு என்று பேச்சு. எதுவரை என்பதற்கு அளவுகோல் பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. நிலப்பக்கம் எல்லாத் திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை குறித்தார்கள். அதற்குள் அடங்கிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

அதாவது சுட்ட பிறகுதான் எல்லை. நீங்கள் எல்லையை முதல் நாளே தண்டோரா போட்டுவிட்டீர்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு. பீரங்கியை இன்றுவரை ஒரு தடவைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. இப்போது சுடுவோம்.

ஒரு கட்டுரைக்கு எத்தனை மணி நேரம்? இரவு உட்காரும் மூன்று மணி நேரத்தை மட்டும் சொல்வீர்கள். என்னிடம் எழுதிய எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஊருக்கு டவுன் பஸ் பிடித்துப் போய், குளக்கரையில் நின்று, படம் எடுத்துத் திரும்பியது இரண்டு மணி நேரம். யாராவது ஒரு பாட்டியிடம் போனில் பேசியது அரை மணி. பழைய புத்தகங்களில் தேடியது ஒரு மணி. படத்தைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஏற்றி, பிழை பார்த்தது அரை மணி. கூட்டினால் ஏழு. வாரத்துக்கு மூன்று கட்டுரை, 21 மணி நேரம். உங்கள் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு எத்தனை பீரியட் எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளமில்லாத இன்னொரு வேலையை ராத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இனி, உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது? மாமியார் தூங்கிய பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை வாரத்தில் மூன்று இரவு என்று வைத்துக்கொள்வோம், நாலரை மணி. ஞாயிறு மதியம் வீட்டுக்காரர் வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்றால் மூன்று மணி. (பார்த்துக்கொள்வாரா என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும், டீச்சர்.) ஆக ஏழரை. அதில் மூன்றில் ஒரு பங்கை இப்போதே கழித்துவிடுங்கள். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், யூனிட் டெஸ்ட் பேப்பர் கட்டு வரும், மோட்டார் ரிப்பேர் ஆகும். இவை எதிர்பாராமல் வருவதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஏதாவது ஒன்று வராத வாரம் உண்டா? மிச்சம் ஐந்து மணி நேரம்.

வேண்டியது ஏழு, வாரத்துக்கு இருப்பது ஐந்து. வாரம் ஒன்றுகூடத் தேறாது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. குண்டு போய் விழுந்த இடம் அதுதான்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். ‘மூன்றிலிருந்து அரைக்கா?’ ஆமாம். இரண்டு வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைக்கும். கட்டுரைக்கு ஏழு போக மூன்று மிஞ்சும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு கணக்கும்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் 31 வருடம் இருந்தவன். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றி இறக்குவதுதான் உத்தியோகம். அந்த 31 வருடத்தில் ஒரு வாரமும் இதழ் வராமல் போனதில்லை. ஆபீஸில் எல்லோரும் ராத்திரி பகலாக உழைத்ததால் வந்தது என்று வெளியே நினைப்பார்கள். இதழைக் காப்பாற்றியது பொறுப்பாசிரியர் மேசையின் கீழ் டிராயர். அதில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு மேட்டர் இருக்கும். படம், தலைப்பு, பிழைதிருத்தம் எல்லாம் முடிந்து, எந்த வாரம் போட்டாலும் கெடாத மேட்டர். எங்களுக்குள் அதற்குக் கருவாடு என்று பெயர். எழுத்தாளருக்கு உடம்பு சரியில்லை, தொடர் வரவில்லை என்றால், ‘ரெண்டு பக்கத்துக்குக் கருவாடு இருக்கா?’ என்று குரல் வரும். கடலூர்க்காரருக்குக் கருவாட்டை விளக்க வேண்டாம். புயல் சின்னம் என்று படகு போகாத வாரம் உங்கள் வீட்டில் குழம்பு நின்றா போகிறது?

உங்கள் வலைப்பூவின் முழுத் தொல்லையும் இதுதான் என்பது என் எண்ணம். எழுதுகிற நாளும் வெளியிடுகிற நாளும் ஒன்றாக இருக்கின்றன. பிடித்த மீனை அன்றைக்கே விற்றுத் தீர்க்கிற வியாபாரம் நடத்துகிறீர்கள். அதனால்தான் காய்ச்சலடித்தாலும் கடலுக்குப் போகவேண்டியிருக்கிறது. வாரம் மூன்று எழுதுவது உங்களைக் களைப்பாக்கியிருக்கும். நாளைக்குக் கையில் ஒன்றுமில்லை என்ற நினைப்போடு இரண்டு வருடம் தூங்கியதுதான் உங்களை அரித்திருக்கிறது. அந்த நினைப்பு பாடம் நடத்தும்போதும் கூடவே வரும், மாமியாருக்கு முதுகு தேய்க்கும்போதும் வரும். எனக்கு வந்திருக்கிறது.

முப்பத்து நாலு வயதில் மூன்று புனைபெயரில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வி பதில் ஒரு பெயரில், ஊர் வம்பு ஒரு பெயரில், வாழ்க்கைத் துணுக்கு ஒரு பெயரில். கூடவே தீபாவளி மலர் வேலை. டிராயர் காலி. கருவாட்டையெல்லாம் மலருக்காகத் தூக்கிக் கொடுத்திருந்தேன். ஒரு மாமியார் மெச்சிய மருமகள் கதையை ஒரு வாரம் ஒரு பெயரில் எழுதினேன், அடுத்த வாரம் அதே கதையை வேறு பெயரில் எழுதினேன். சத்தியமாக எனக்கு நினைவில்லை. புரூஃப் பார்ப்பவர் கண்டுபிடித்தபோது இரண்டு ஃபாரம் மிஷினில் ஓடி முடிந்திருந்தது. ஆசிரியர் திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பைவிட, வாசகர்கள் யாருமே எழுதிக் கேட்கவில்லை என்பதுதான் என்னை உட்காரவைத்தது. இரண்டு வாரமும் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லையோ என்று இன்றுவரை சந்தேகம்.

அதனால் உங்கள் 1758-ஐப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்த வரி அது. வெறும் களைப்பு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினால் பாதி இறங்கிவிடும். இது வேறு. 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ‘பர்ன் அவுட்’ என்கிற இந்த வற்றிப்போதலைப் பற்றி முதலில் எழுதியபோது, அவர் கண்முன் இருந்தவர்கள் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்துக்குத் தொண்டு செய்ய ஆசையாக வந்தவர்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல், தாங்களாகவே விரும்பி வந்தவர்கள். ‘நான் இதை விரும்பித்தானே செய்கிறேன், எனக்கு எப்படி?’ என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் வகைப்பாட்டில் விவரித்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சேர்ந்த ஒரு நிலை என்றது. அடையாளம் மூன்று: உடம்பும் மனசும் வற்றிப்போவது, செய்கிற வேலைமேலேயே கசப்பும் விலகலும் வருவது, நம்மால் ஒன்றும் உருப்படியாக முடியவில்லை என்று தோன்றுவது. இரண்டு மணிவரை விழிப்பு, குளத்தின்மேல் எரிச்சல், ஒரு வருடப் பிழைக்குச் சமையல்கட்டில் அழுகை. நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டாக்டர் இல்லை. நேரம் இருந்தும் தூக்கம் வராத இரவுகள் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கடிதம் எழுதியே தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நீங்கள் வற்றிப்போனதற்கு வலைப்பூ மட்டும் காரணமாக இருக்காது. பள்ளிக்கூடம், பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், வீட்டில் படுக்கையில் ஒருவர். இவற்றில் எதையும் உங்களால் நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் ‘நிறுத்திவிடலாமா’ என்று இதைக் கேட்கிறீர்கள். மொத்தத்தில் உங்களுக்கென்று நீங்களே தேர்ந்தெடுத்தது இது ஒன்றுதான் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆகவே நிறுத்த வேண்டாம் என்பது என் பதில். ஆனால் இதே வேகத்தில் இன்னொரு மாதம் போவதைவிட நிறுத்துவதே மேல்.

என்ன செய்யவேண்டும் என்றால், ஆறு வாரம் கடையைச் சாத்துங்கள். சொல்லிவிட்டுச் சாத்துங்கள். இந்தப் பத்து நாளாகத்தான் உங்கள் துறைமுகத்தில் விசைப்படகுகள் மறுபடி போய்வருகின்றன. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் கடலூர் மீனவர்களை யாராவது சோம்பேறி என்றார்களா? படகைக் கரையேற்றிப் பழுது பார்த்தார்கள், பெயின்ட் அடித்தார்கள், வலை பின்னினார்கள். என்றைக்குத் தொடங்கும், என்றைக்கு முடியும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். வாசகரும் அப்படித்தான். சொல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை விட்டால் ‘என்ன ஆயிற்று?’ என்பார். ஆகஸ்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் ஆகஸ்டில் எட்டிப் பார்ப்பார். அவருக்கும் படிக்காமல் கிடக்கிற உங்கள் கட்டுரைகள் நிறைய இருக்கும், பயப்படாதீர்கள். வாரம் மூன்றை எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மூன்றையும் விடாமல் படித்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் 30. நாலு கட்டுரை தேறும். அந்த நாலும் கையில் இருக்கும்போதுதான் மறுபடி திறக்கவேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் இன்னும் பத்து நாள் தள்ளிப் போங்கள். திறந்த பிறகு மாதத்தின் முதல் சனி, மூன்றாம் சனி. காலை ஆறு மணி வேண்டாம். ஆறு மணிக்கு யார் குளத்தைப் பற்றிப் படிக்கிறார்கள்? பத்து மணி என்று வையுங்கள். ப்ளாகரோ வேர்ட்பிரஸோ, இரண்டிலும் தேதியும் நேரமும் குறித்து வைத்தால் அதுவே வெளியிட்டுக்கொள்ளும். அன்று நீங்கள் மாமியாரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போயிருக்கலாம்.

ஒரே ஒரு கண்டிப்பு: கையிருப்பு இரண்டுக்குக் கீழே இறங்கினால் அது விளக்கு எரிகிற பெட்ரோல் டேங்க். அடுத்த வெளியீட்டைத் தள்ளிவைத்து அறிவித்துவிடுங்கள், ராத்திரி உட்கார்ந்து நிரப்பப் பார்க்காதீர்கள்.

நாலு கட்டுரையையும் ஒன்று முடித்து அடுத்தது என்று எழுதவேண்டியதில்லை. எங்கள் புதுச்சேரியில் 1914 ஆகஸ்ட் 15 முதல் 1921 ஜனவரி வரை அரவிந்தர் ‘ஆர்யா’ என்று ஒரு மாத இதழ் நடத்தினார். மாதத்துக்கு 64 பக்கம், பெரும்பகுதி அவரே எழுதியது. பின்னால் தனித்தனிப் பெரிய நூல்களானவை எல்லாம் அதில் நாலைந்து தொடர்களாக ஒரே சமயத்தில் ஓடியவை. அவருக்குப் பத்தாம் வகுப்புப் பேப்பர் கட்டு கிடையாது, ஆகவே வேகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். ஆனால் பல அடுப்பில் ஒரே நேரம் வைப்பது நமக்கும் ஆகும். ஒரு குளத்துக்குப் படம் மட்டும் இருக்கிறது. ஒரு தெருப்பெயருக்குப் பாட்டி சொன்ன கதை மட்டும் இருக்கிறது. ஒன்று முக்கால்வாசி எழுதியாகிவிட்டது, முடிவு வரவில்லை. களைப்பான ராத்திரியில் முடிவு எழுத வராது, படத்தை வெட்டி ஒட்ட வரும். புத்தி தெளிவாக இருக்கும் ஞாயிறு மதியம் எழுதலாம். எந்த வேலைக்கு எந்த நேரம் என்று பிரித்துவிட்டால் அதே ஐந்து மணி நேரம் கொஞ்சம் நீளும்.

நிறுத்தினால் கை விட்டுப்போகும் என்ற உங்கள் பயம் நியாயமானது. தினமும் எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? வெளியிடாதீர்கள், அவ்வளவுதான். எங்கள் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு கவர்னர் தூய்ப்ளேக்கு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), வியாபாரம், குடும்பம், சண்டை நடக்கிற ஊர். கப்பல் வந்தது, யார் யாரை என்ன சொன்னார்கள், சரக்கு என்ன விலை, எல்லாம் இருக்கும். சில நாளுக்கு ஓரிரு வரி. சில நாளுக்குப் பக்கம் பக்கமாக. விட்டுப்போன நாட்களும் உண்டு. விட்டுப்போன நாளுக்கு அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை! அவர் காலமாகி எண்பத்தைந்து வருடம் கழித்து, 1846-ல்தான் அது கண்டெடுக்கப்பட்டது. அவர் வீடு இன்றும் அவர் பெயர் கொண்ட தெருவில், பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு லீவு நாளில் பாண்டி பஸ் ஏறி வந்து பாருங்கள், கட்டுரைக்காக வேண்டாம், சும்மா.

நீங்களும் தினம் பத்து நிமிடம் அப்படி ஒரு குறிப்பு வையுங்கள். எழுத்துநடை வேண்டாம், தலைப்பு வேண்டாம். போனில் தமிழில் பேசினால் தட்டச்சு செய்துகொடுக்கும் வசதி இருக்கிறதே, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ‘இன்னிக்குக் கெடிலத்துல தண்ணி முழங்கால் அளவு, சலவைக் கல்லு ரெண்டு தெரியுது’ என்று சொல்லி வையுங்கள். தேதி போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் கட்டுரைகளைவிட இந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு அதிகமாக இருந்தாலும் இருக்கும். கை விட்டுப்போகாமல் இருக்க இது போதும்.

அந்தப் பெரியவருக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேனே. பத்திரிகையில் எழுதியவன் தன் மேட்டருக்குத் தானே புரூஃப் பார்க்கக் கூடாது என்பது பாலபாடம். எழுதிய கண்ணுக்குப் பிழை தெரியாது. அது, இருக்கவேண்டியதைத்தான் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது. உங்களுக்குப் புரூஃப் ரீடர் கிடையாது. கையிருப்பு இருந்தால் அவகாசம் கிடைக்கும்: கட்டுரையை எழுதி ஒரு வாரம் ஆறப்போட்டுப் படித்தால் கொஞ்சம் வேற்றுக் கண்ணாகப் படிக்கலாம். அதோடு, ‘ஐயா, வெளியிடும் முன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?’ என்று அவரைக் கேளுங்கள். வருடங்கள், ஊர்ப்பெயர்கள், யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், இவை மட்டும். சந்தோஷமாகச் செய்வார் என்று நினைக்கிறேன். ரிட்டயர்டு ஆட்களிடம் வேலை கேட்டுப் பாருங்கள், நாங்கள் எவ்வளவு சீக்கிரம் பதில் போடுகிறோம் என்று தெரியும்.

வருடம் முழுக்க ஒரே தாளத்தில் போகவும் வேண்டாம். உங்கள் ஊரில் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை வானம் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதோடு அரையாண்டுத் தேர்வும் வரும். அந்த இரண்டு மாதமும் மாதம் ஒன்று போதும், அதுவும் கருவாட்டிலிருந்து. மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வு, விடைத்தாள். அப்போதும் ஒன்று. மே மாதம் லீவு, அப்போது பண்ருட்டிப் பக்கம் போனால் பலாப்பழமும் ஆச்சு, கட்டுரையும் ஆச்சு, மூன்று நாலு கூடுதலாகச் சேர்த்துவிடலாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் தேதி காலண்டரில் ஜனவரியிலேயே தெரியும். மாசி மகத்தன்று காலையில் ஓடிப் போய் எழுதி மாலையில் போட என்ன அவசரம்? போன வருடம் பார்த்ததைத் தையிலேயே எழுதி வையுங்கள். அன்றைக்குக் குடும்பத்தோடு போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வாருங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை ஞாயிறு ஒரு தடவை பார்த்தால் போதும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இடத்தை நிரப்ப ஏதாவது போடலாமா, ஒரு படமும் நாலு வரியும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பத்திரிகையில் துணுக்கு போட்டு நிரப்பியவன் சொல்கிறேன், வேண்டாம். எங்களுக்குப் பக்கம் வெறுமையாக அச்சாகக் கூடாது என்ற நிர்ப்பந்தம் இருந்தது. உங்களுக்கு வெள்ளைத்தாள் என்று ஒன்று கிடையாது. போடாத நாளில் அங்கே ஓட்டை எதுவும் தெரியாது. அதேபோல் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நிரப்பலாம் என்ற யோசனையும் வந்திருக்கும். குளக்கரைப் பாட்டி உங்களிடம் சொன்னது அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்தமாதிரி எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பெரியவருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

கடைசியாக, வரும் வெள்ளிக்கிழமை என்ன போடுவது என்று கேட்டீர்கள். எழுதுகிற சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன். பெயர் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்:

“வணக்கம். இன்று கட்டுரை இல்லை. வாரம் மூன்று என்று இரண்டு வருடம் எழுதிவிட்டேன், கொஞ்சம் மூச்சு வாங்கவேண்டும். வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லை. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பி வருகிறேன். அதன்பிறகு மாதம் இரண்டு கட்டுரை, மழைக்காலத்தில் ஒன்று. புனித டேவிட் கோட்டைக் கட்டுரையில் வருடம் தவறாக இருந்தது, திருத்தியிருக்கிறேன். சுட்டிக்காட்டிய ஐயாவுக்கு நன்றி. உங்கள் ஊர்க் குளத்துக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று தெரிந்தால் இந்த ஆறு வாரத்தில் எழுதி அனுப்புங்கள்.”

கடைசி வரியைக் கவனித்தீர்களா? நீங்கள் தூங்கும்போது டிராயரில் சரக்கு சேரட்டும்.